தொழில் மேதை ஜி. டி. நாயுடு

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவன், வழிநெடுகப் பலவகை எஞ்சின்களின் ஒலியைக் கேட்கிறான். பேருந்து உறுமிச் செல்கிறது. மோட்டார் சைக்கிள் படபடத்து ஓடுகிறது. பறவைகளின் ஒலியைப் போல அவ்வொலிகளும் அவன் செவிக்குப் பழகிவிட்டன. அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிலைமை வேறாக இருந்தது. மாடு இழுத்தால் வண்டி நகரும். குதிரை பூட்டினால் வண்டி ஓடும். இழுப்பாரும் தள்ளுவாரும் இன்றித் தானே ஓடும் வண்டியைக் கண்டவர் மிகச் சிலரே. கண்டவருள் பலர் வியந்து நின்றனர். சிலர் அஞ்சி விலகினர். அவ்வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிந்தே தீர்வது என்று உறுதி பூண்டவர் அரியர். அவ்வரியவருள் ஒருவர் கோயமுத்தூர் மாவட்டத்தில் தோன்றினார். அவரே ஜி. டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய குடும்பம் உழவுத் தொழில் செய்துவந்த குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே அவர் தாயை இழந்தார். தந்தையார் அவரைப் பள்ளியில் சேர்த்தார். ஆயின் பள்ளி அவர் மனத்தைக் கவரவில்லை. ஒரே இடத்தில் அமர்ந்து, சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் படிப்பு அவருக்கு வேம்பாய்க் கசந்தது. ஆசிரியர் கண்ணில் மணலைத் தூவிவிட்டு ஓடும் அளவுக்கு அவரது குறும்பு வளர்ந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையாரின் நிலத்தில் உழவு வேலை செய்யும் இளைஞராக அவர் வளர்ந்தார். ஊரார் கண்ணுக்கு அவர் எதற்கும் உதவாதவராகவே தோன்றியிருத்தல் வேண்டும். அவருள் உறங்கிக்கிடந்த ஆர்வத்தை எழுப்புவதற்கு ஒரு தூண்டுதல் தேவைப்பட்டது.

அத்தூண்டுதல் ஒரு மோட்டார் சைக்கிளின் வடிவில் வந்தது. நாயுடுவுக்கு ஏறத்தாழ இருபது வயது நடந்துகொண்டிருந்த காலம். ஆங்கில அலுவலர் ஒருவர் 1912ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் கலங்கல் பக்கம் வந்தார். வழியில் வண்டி நின்றுவிட்டது என்றும், அருகில் இருந்த இளைஞரிடம் அவர் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி எஞ்சினைத் துடைத்துச் சரிசெய்தார் என்றும் கூறுவர். சிறிது நேரத்தில் எஞ்சின் மீண்டும் உயிர்பெற்றது. அலுவலர் ஏறி அமர்ந்து புழுதி பறக்கச் சென்றுவிட்டார். இளைஞர் நின்ற இடத்திலேயே நின்றார். சற்றுமுன் இரும்புக் குவியலாகக் கிடந்த பொருள், துடைத்துத் திருத்தியவுடன் ஓடிய காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவ்வண்டியைத் தாம் வாங்க வேண்டும். அதன் உள்ளே இருப்பதைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

வேட்கை இருந்தது, பொருள் இல்லை. அதற்காக அவர் மனம் தளரவில்லை. ஊரை விட்டுக் கோயமுத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியை ஏற்றார். இலை போட்டு, நீர் வைத்து, எச்சில் மேசை துடைத்து அவர் ஈட்டிய ஊதியம் சிறிது. அச்சிறு ஊதியத்திலும் காசு காசாகச் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. சில நூறு ரூபாய் கையில் சேர்ந்ததும், அவர் அந்த ஆங்கில அலுவலரைத் தேடிச் சென்று, தாம் கண்ட அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். மற்றோர் இளைஞராயின் அதன்மீது ஏறி ஊரைச் சுற்றி வந்து மகிழ்ந்திருப்பார். நாயுடுவோ அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவர் விரும்பிச் சேர்ந்த முதற்பள்ளி அந்த மோட்டார் சைக்கிளே.

அப்பள்ளி கற்பித்த பாடம் யாது? அதனை அறிய, சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றின் அமைப்பை நாம் சிறிது அறிதல் வேண்டும். செருமானிய நாட்டில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினைச் செய்து காட்டினார். அந்நாட்டவரான டெய்ம்லரும் மேபாக்கும் 1885ஆம் ஆண்டில் சிறு பெட்ரோல் எஞ்சினை இருசக்கர வண்டியில் பொருத்தி ஓட்டினர். ரட்ஜ் மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் ஓட்டோவின் நெறியிலேயே இயங்குவது. அதில் சிலிண்டர் என்னும் உருளை ஒன்று உண்டு. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும். பிஸ்டன் முதன்முறை கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. அது மேலே ஏறும்போது கலவை நெருக்கப்படுகிறது. அந்நேரத்தில் பிளக்கின் முனையில் மின்பொறி தோன்ற, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மீண்டும் மேலே வரும்போது எரிந்த புகை வெளியேறுகிறது. இந்நான்கு வீச்சுகளுள் ஒன்றில் மட்டுமே ஆற்றல் பிறக்கிறது. ஏனைய மூன்றும் அவ்வொன்றுக்குத் துணைசெய்வன.

எஞ்சின் ஓட வேண்டுமாயின் மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். கலவை தக்க அளவில் இருத்தல் வேண்டும். நெருக்கம் குன்றாதிருத்தல் வேண்டும். மின்பொறி உரிய நொடியில் தோன்றுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் எஞ்சின் ஊமையாய் நின்றுவிடும். பெட்ரோல் எடையில் ஒரு பங்காயின், காற்று ஏறத்தாழ பதினைந்து பங்கு வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும். பிளக்கில் கரி படியும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறும். இடையிடையே இருமுவதுபோல் ஒலிக்கும். மின்பொறி முந்தித் தோன்றினால் எஞ்சின் தட்டுதட்டென்று ஒலித்து இடர்ப்படும். பிந்தித் தோன்றினால் வலிமை குன்றி வெப்பம் மிகும். நாடி பார்க்கும் மருத்துவர் நோயை அறிவதுபோல, ஒலியாலும் புகையாலும் வெப்பத்தாலும் எஞ்சினின் குறையை அறிதல் கூடும். மாணவர் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் சிறு எஞ்சினாயினும், மலையேறும் பேருந்தின் பெரிய எஞ்சினாயினும் அளவான கலவையும், குன்றாத நெருக்கமும், உரிய நேரத்தில் எரிதலும் இன்றியமையாதன.

இக்கால மோட்டார் சைக்கிள் பொத்தானை அழுத்தியவுடன் புறப்படுகிறது. அக்கால வண்டிகள் அவ்வளவு எளியன அல்ல. ஓட்டுநர் முதலில் கார்புரேட்டரில் பெட்ரோல் நிறையும்படி செய்ய வேண்டும். காற்றின் வழியைக் குறைக்க வேண்டும். மின்பொறி சற்றுப் பிந்தித் தோன்றுமாறு நெம்புகோலைத் திருப்பி வைக்க வேண்டும். வால்வைத் தூக்கிப் பிடித்து நெருக்கத்தைத் தளர்த்திக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வேகம் பிடித்ததும் வால்வை விட்டால் எஞ்சின் வெடித்துப் புறப்படும். புறப்பட்ட பின்னரும் ஓய்வில்லை. காற்றைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்; மின்பொறியின் நேரத்தை முன்னுக்குக் கொணர வேண்டும். மேட்டில் ஏறும்போது ஒருவிதமாகவும், சமவெளியில் செல்லும்போது வேறுவிதமாகவும் நெம்புகோல்களைத் திருத்த வேண்டும். சில மைல்களுக்கு ஒருமுறை கையால் எண்ணெய்ப் பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். மறந்தால் பிஸ்டன் காய்ந்து இறுகி நின்றுவிடும். கண் சாலையில் இருக்க, காது எஞ்சினில் இருத்தல் வேண்டும். அத்தகைய வண்டியையே நாயுடு தம் முதல் ஆசிரியராகக் கொண்டார்.

பொறுமையோடு தொடங்குதல், அளவறிந்து திருத்துதல், இடைவிடாது கண்காணித்தல் ஆகிய மூன்று பண்புகளை எஞ்சின் தன்னைப் பயில்வோரிடம் எதிர்பார்க்கிறது. அதற்கு முகத்துதி தெரியாது. முதல்வகுப்புச் சான்றிதழும் தெரியாது. பிழையாகப் பூட்டினால் ஓடாது. சரியாகப் பூட்டினால் ஓடும். சாதியையோ செல்வத்தையோ கேளாமல் உழைப்பை மட்டுமே கேட்கும் அவ்வாசிரியரிடம் நாயுடு பயின்ற பாடம் அவருடைய வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது. மேலை நாட்டிலும் இத்தகைய கைப்பயிற்சியே பெருஞ்செயல்களுக்கு வித்தாயிற்று. அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் உடன்பிறந்தாருக்குத் தக்க எஞ்சினைச் செய்துகொடுக்கும் நிறுவனம் கிடைக்கவில்லை. அவர்தம் கடையில் பணிபுரிந்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளியே ஏறத்தாழ பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைச் செய்து கொடுத்தார். அவ்வெஞ்சினே 1903ஆம் ஆண்டு மனிதனை வானில் ஏற்றியது.

மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கற்ற நாயுடு உடனே செல்வராகிவிடவில்லை. திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டார். அது முதல் உலகப் போர் நடந்த காலம். ஆகவே வருவாய் பெருகியது. பெருகிய பொருளை எடுத்துக்கொண்டு அவர் பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிகத்தில் இறங்கினார். அங்கே அவர் கைப்பொருளை இழந்தார். எஞ்சினில் எது எதனால் நிகழ்கிறது என்று காணலாம்; விலையேற்ற இறக்கச் சூதில் அவ்வாறு காண இயலாது. இழந்த பொருளை எண்ணி ஏங்கி அமராமல், தமக்கு நன்கு தெரிந்த தொழிலுக்கே அவர் திரும்பினார்.

அந்நாளில் கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் பெருந்தொழில் நடத்திவந்தார். ஊருக்குப் பள்ளியும் ஆலையும் அமைத்துத் தந்த பெருமகன் அவர். அவர் நாயுடுவின் ஊக்கத்தையும் தொழில் திறனையும் கண்டு மகிழ்ந்தார். அவருடைய உதவியால் நாயுடு பேருந்து ஒன்றை வாங்கினார். 1920ஆம் ஆண்டில் அவ்வண்டி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவு. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது ஏற்பட்டால் கைச்சட்டையை மடித்துக்கொண்டு வண்டியின் அடியில் படுப்பவரும் அவரே.

பழனிக்குச் செல்லும் அடியவர்க்கும், சந்தைக்குச் செல்லும் வணிகர்க்கும் அப்பேருந்து பேருதவியாயிற்று. ஆயினும் மக்கள் பேருந்தை நம்பி ஏறுவதற்கு அது நாள்தோறும் புறப்பட வேண்டும்; குறித்த நேரத்தில் சென்று சேர வேண்டும். வழியில் நின்றுபோகும் வண்டியை ஒருமுறை மன்னிப்பர்; மறுமுறை மாட்டுவண்டியையே நாடுவர். இதனை நாயுடு நன்கு உணர்ந்திருந்தார். வண்டி நின்றபின் பழுது பார்ப்பதைவிட, நிற்பதற்கு முன்பே குறையைக் கண்டு களைவது சிறந்தது என்பது அவர் கொள்கை. நோய் வருமுன் காப்பவனுக்கு மருந்துச் செலவு இல்லையன்றோ? எஞ்சினின் அதிர்வைச் சோதித்து அறிவதற்கு அவர் ஒரு கருவியையும் அமைத்தார். காதால் கேட்டு அறிந்த குறையைக் கருவியால் அளந்து அறியும் நிலைக்கு அவர் அறிவு வளர்ந்தது.

ஒரு பேருந்து பலவாயிற்று. அவர் தோற்றுவித்த யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யூ.எம்.எஸ். என்னும் பெயரால் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. தென்னிந்தியாவின் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பெற்றது. பயணச்சீட்டு வழங்குவதற்கும் நேரத்தைக் காட்டுவதற்கும் இயந்திரங்களை அவர் கையாண்டார். காலத்தை அவர் பொன்னினும் உயர்வாகப் போற்றினார். எஞ்சினில் மின்பொறி ஒரு நொடி தவறினாலும் ஆற்றல் வீணாகிறது. மனிதன் நேரம் தவறினால் வாழ்வே வீணாகிறது. இவ்வுண்மையைச் சொல்லாமல் செய்து காட்டியவர் அவர்.

தம் நாடு எல்லாப் பொருளுக்கும் அயல்நாட்டை எதிர்நோக்கி நிற்பது அவருக்கு மனவருத்தம் தந்தது. மேலை நாடுகளுக்குப் பலமுறை சென்றார். ஆங்காங்கே தொழிற்சாலைகளைக் கூர்ந்து நோக்கினார். கண்டவற்றைத் தாய்நாட்டில் செய்ய முடியும் என்று நம்பினார். கோயமுத்தூரை அடுத்த பீளமேட்டில் அவரது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையிலிருந்து 1937ஆம் ஆண்டில் மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் அதுவே என்பர். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் த. பாலசுந்தரம் நாயுடு; பிற்காலத்தில் டெக்ஸ்டூல் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. கிணற்று நீரை இறைக்கவும் நூற்பாலையை இயக்கவும் மோட்டார் இன்றியமையாதது. இன்று மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் கோயமுத்தூர் பெயர்பெற்று விளங்குகிறது. அப்பெருமைக்கு அடிப்படையிட்டவர்களுள் நாயுடு முதன்மையானவர்.

அவருடைய கருத்து ஒரு துறையில் மட்டும் நிற்கவில்லை. சிறு மோட்டாரால் இயங்கும் ‘ரசண்ட்’ என்னும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி எனப் பலவற்றை அவர் ஆக்கினார். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்ய இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆராய்ச்சி செய்தார். அவரது பண்ணையைச் சர் சி. வி. இராமனும், பொறியியல் வல்லுநர் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்தனர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவருடைய நிலத்தை நோபல் பரிசு பெற்ற அறிவியல் அறிஞர் நாடி வந்தார் என்றால், அறிவுக்கு ஒரே வாயில்தான் உண்டு என்று சொல்ல முடியுமா?

எனினும் அவர் தொட்டன எல்லாம் கைகூடின என்று எண்ணுதல் தவறு. எளிய மக்களும் வாங்கத்தக்க சிறு மோட்டார் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் வண்டியை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய் அளவே. எஞ்சின் ஓடியது; வண்டியும் ஓடியது. ஆயின் அதனைப் பெருவாரியாகச் செய்வதற்கு வேண்டிய உரிமத்தை அரசு வழங்கவில்லை. ஆகவே அம்முயற்சி நின்றுபோயிற்று. சிலிண்டருக்குள் தோன்றும் குறையை அவரால் கண்டு திருத்த முடிந்தது. விதிகளின் தடையை அவ்வாறு திருத்த முடியவில்லை. உணவு விடுதியில் காசு காசாகச் சேர்த்துப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிய ஏழை இளைஞரை அவர் மறக்கவில்லை. அத்தகைய இளைஞர் பலர் வண்டி வாங்குதல் வேண்டும் என்று விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறாதது அவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று.

பொருளை ஈட்டுவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. 1944ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழில் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் அறப்பணிக்கும் தம் பொருளைச் செலவிட முன்வந்தார். தாம் கற்ற கைத்திறனை இளைஞர்க்கு வழங்க வேண்டும் என்பது அவரது அடுத்த நோக்கம். அவரது முயற்சியால் 1945ஆம் ஆண்டில், அன்று சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அக்கல்லூரியே பின்னர் வேறிடத்துக்கு மாறிக் கோயமுத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. கல்லூரி இடம் மாறிய பின்னரும், பீளமேட்டுப் பக்கத்தில் ஹோப் காலேஜ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தில் அவ்விடத்துக்குச் சீட்டு வாங்குவோருள் பலர் அப்பெயரின் வரலாற்றை அறியார்.

தொடக்கத்தில் அக்கல்லூரியின் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். பட்டம் பெறாதவர் பட்டப்படிப்புக் கல்லூரிக்கு முதல்வராவது புதுமையே. கருவியைக் கையில் எடுத்துப் பழகும் பயிற்சியே பொறியியல் கல்வியின் உயிர் என்று அவர் கருதினார். நான்கு ஆண்டுகள் கற்பிப்பதை, வீண்பொழுது போக்காமல் பயிற்றினால் இரண்டு ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அன்றைய அரசு அதனை ஏற்கவில்லை. தம் கொள்கைக்கு இடமில்லாத பதவியை அவர் துறந்தார். அவர் சொன்ன கால அளவு சரியா, தவறா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு இருக்கலாம். எஞ்சினைத் தொட்டுப் பாராமல் எஞ்சினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது கல்வியாகாது என்னும் அவர் கருத்தை மறுப்பார் இலர்.

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். நாயுடு பள்ளியை விட்டு ஓடினார் என்பதைக் கேட்டு, பள்ளியை விட்டவர் எல்லாரும் மேதையாவர் என்று மயங்குதல் கூடாது. பள்ளியை விட்டவர் எண்ணற்றவர், நாயுடுவானவர் ஒருவர். அவர் விட்டது பள்ளியை, கல்வியை அன்று. எட்டு வயதில் வெறுத்த நூல்களைப் பின்னர்த் தாமே விரும்பிப் படித்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டறிய ஒருநாளும் நாணவில்லை. பொறியைப் பிரித்தவர் அதனைப் பிரித்தபடியே போட்டுவிடவில்லை. மீண்டும் பூட்டி ஓடச்செய்யும் வரையில் ஓயவில்லை. பிரித்தல் எவர்க்கும் எளிது, பூட்டுதலே அறிவு. தொடங்கியதை முடிக்கும் அவ்வுறுதியே அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், எண்பது வயது நிரம்பிய நிலையில் ஜி. டி. நாயுடு மறைந்தார். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரைப் போற்றுகின்றனர். கோயமுத்தூர் அவிநாசிச் சாலையில் அவர் அமைத்த தொழிற் கண்காட்சி அவர் பெயரை விளக்கி நிற்கிறது. பொருள்கள் இயங்கும் முறையை இளைஞர் நேரில் கண்டறிய வேண்டும் என்னும் அவர் விருப்பத்துக்கு அக்கண்காட்சி சான்றாகும். கலங்கல் ஊரின் புழுதிச் சாலையில் நின்றுபோன வண்டியை வியந்து நோக்கிய இளைஞரின் கண்களைப் போன்ற கண்களுக்காகவே அது திறந்திருக்கிறது.

கடத்தூர்ச் சிறுவன் நாள்தோறும் கேட்கும் எஞ்சின் ஒலியில் இவ்வரலாறு அனைத்தும் அடங்கியிருக்கிறது. ஒருநாள் பேருந்து இயல்பினும் வேறுபட்டு ஒலிக்கக்கூடும். மோட்டார் சைக்கிள் புகை கக்கி நிற்கக்கூடும். அப்பொழுது அதனைக் கண்டு நகைத்துவிட்டுச் செல்பவர் பலராக இருப்பர். ஏன் நின்றது என்று கேட்டு, பெரியோர் துணையோடு குனிந்து நோக்குபவன் ஒருவனாக இருப்பான். நாட்டின் நாளைய செல்வம் அவ்வொருவனுடைய கையில் இருக்கிறது.